ஞாயிறு இரவு 7 மணி யாருக்குச் சொந்தம்? (பழைய அமெரிக்க வானொலியின் வார இறுதி)

#1 ரேடியோப்பெட்டி

பழைய அமெரிக்க வானொலி நிகழ்ச்சிகளை இணையத்தில் தேடிப் பிடித்துக் கேட்கிறவர்கள் இந்த மன்றத்தில் சிலராவது இருப்பீர்கள் என்று நம்பித்தான் இந்த இழை. 1930-களின் தொடக்கத்திலிருந்து, தொலைக்காட்சி வீட்டுக்குள் வந்து உட்காரும்வரை, அந்த நாட்டில் வாரத்தின் உச்சம் எது என்று கேட்டால் என் பதில் ஒன்றுதான்: ஞாயிற்றுக்கிழமை இரவு 7 மணி, என்.பி.சி. என்ற வானொலி நெட்வொர்க், காமெடியன் ஜாக் பென்னி.

1934-இல் ஜெனரல் ஃபுட்ஸ் கம்பெனி ஜெல்-ஓ என்ற தன் இனிப்பு ஜெல்லிப் பொடியை விற்க பென்னியைப் பிடித்தது. "ஜெல்-ஓ அகெய்ன், திஸ் இஸ் ஜாக் பென்னி" என்றுதான் மனிதர் வாயையே திறப்பார். வணக்கம் சொல்ல வேண்டிய இடத்தில் சரக்கின் பெயர்! போரில் சர்க்கரை ரேஷனுக்குப் போனதும் ஜெல்-ஓவைக் கூவி விற்பதில் அர்த்தமில்லாமல் போய்விட்டது. 1942-இல் அதே கம்பெனி அவரை கிரேப்-நட்ஸ் என்ற காலை உணவுத் தானியத்தின் பக்கம் திருப்பிவிட்டது. 1944-இலிருந்து லக்கி ஸ்ட்ரைக் சிகரெட். சரக்கு மாறியது, நேரம் மட்டும் மாறவில்லை. 1941-இல் என்.பி.சி.யே அந்த ஞாயிறு 7 மணியை அவருக்கு எழுதிக் கொடுக்காத குறையாக, விளம்பரதாரர் யாராக இருந்தாலும் இடம் அவருடையது என்று அறிவித்துவிட்டது.

அவர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். பெரும்பாலும் ஒன்றும் செய்யவில்லை. கஞ்சன், வயலினைக் கொலை செய்கிறவன், என்றைக்கும் 39 வயதுக்காரன் என்று ஒரு வேஷம் கட்டிக்கொண்டு, சுற்றியிருக்கிறவர்கள் எல்லோரையும் தன்னைக் கேலி செய்ய விட்டார். 1948 மார்ச் 28 நிகழ்ச்சியைக் கேளுங்கள். பக்கத்து வீட்டு நடிகர் ரொனால்டு கோல்மனுக்கு அப்போதுதான் ஆஸ்கர் கிடைத்திருக்கிறது. அதை இரவல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடக்கும் வழியில் ஒரு திருடன் மறிக்கிறான். "பணமா, உயிரா?" பதில் இல்லை. ஸ்டூடியோவில் இருக்கிற கூட்டம் சிரிக்கத் தொடங்குகிறது. இன்னும் பதில் இல்லை. சிரிப்பு ஏறிக்கொண்டே போகிறது. திருடன் பொறுமை இழந்து மறுபடி கேட்க, "யோசிக்கிறேனய்யா!" என்கிறார். வானொலியில் மௌனத்தை வைத்துச் சிரிக்க வைக்க ஒரு துணிச்சல் வேண்டும். பதினாலு வருஷம் அதே வேஷத்தைக் கேட்டுப் பழகிய நேயர்கள் இருந்ததால்தான் அது முடிந்தது.

சரி, உங்கள் ஓட்டு எதற்கு?

#2 சோளக்காடு

ஐயா, மன்னிக்கணும். நீங்கள் சொல்வது நியூயார்க்கும் ஹாலிவுட்டும் சேர்ந்து செய்த வார இறுதி. நாட்டுப்புறத்துக்காரனுக்கு வாரத்தின் உச்சம் சனிக்கிழமை இரவு.

கணக்கு பாருங்கள். சிகாகோவின் டபிள்யூ.எல்.எஸ். நிலையத்தில் 'நேஷனல் பார்ன் டான்ஸ்' தொடங்கியது 1924 ஏப்ரல் 19. பென்னி வானொலிப் பக்கம் வருவதற்கு எட்டு வருஷம் முன்பு! நிலையம் சியர்ஸ் கடைக்காரர்களுடையது. 'வேர்ல்ட்ஸ் லார்ஜஸ்ட் ஸ்டோர்', அதாவது 'உலகின் மிகப் பெரிய கடை' என்ற பெருமையைத்தான் அந்த மூன்று எழுத்துகளில் ஒளித்து வைத்தார்கள். 1928-இல் 'ப்ரெய்ரி ஃபார்மர்' என்கிற விவசாயப் பத்திரிகை அதை வாங்கியது. 1932-இலிருந்து எட்டாவது தெரு தியேட்டரில் மேடை போட்டு, டிக்கெட் கொடுத்து நடத்தினார்கள். வீட்டில் இலவசமாகக் கேட்கக் கிடைப்பதை, காசு கொடுத்து நேரில் பார்க்க ஜனம் வரிசையில் நின்றது.

அப்புறம் நாஷ்வில். 1925 நவம்பர் 28, ஒரு சனிக்கிழமை, டபிள்யூ.எஸ்.எம். நிலையத்தில் அங்கிள் ஜிம்மி தாம்ப்சன் என்ற முதியவர் பிடில் வாசிக்க உட்கார்ந்தார். அதுதான் பின்னால் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' ஆனது. 1927-இல் ஒரு சனிக்கிழமை, நெட்வொர்க்கில் வந்த மேற்கத்திய செவ்வியல் இசை முடிந்ததும் அறிவிப்பாளர் ஜார்ஜ் ஹே, "இதுவரை கிராண்ட் ஆப்ரா கேட்டீர்கள், இனி கிராண்ட் ஓல் ஆப்ரி" என்று நக்கலடித்தார், பெயர் ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு முன்வரிசையில் இருந்தவர் டிஃபோர்ட் பெய்லி, கறுப்பினக் கலைஞர். ஒரு சின்ன ஹார்மோனிகாவை வைத்துக்கொண்டு பான் அமெரிக்கன் ரயில் தூரத்தில் வருவதும், நெருங்குவதும், கடந்து போவதும் அப்படியே கேட்கும். 1941-இல் அவரை நீக்கிவிட்டார்கள்; மீதிக் காலத்தை நாஷ்விலில் ஷூ பாலிஷ் கடை வைத்து ஓட்டினார். கண்ட்ரி இசையின் கௌரவ மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தது 2005-இல். இதைச் சொல்லாமல் ஆப்ரியின் பெருமையை மட்டும் பேச எனக்கு மனசு வராது.

#3 மாடிப்படி

எல்லோருக்கும் வணக்கம். நான் இதற்குப் புதிது. எட்கர் பெர்கன் என்று ஒரு பொம்மைக்காரர் வானொலியில் பெரிய ஆளாக இருந்தார் என்று படித்தேன். உதடு அசையாமல் பொம்மையைப் பேச வைப்பதுதானே வித்தை? வானொலியில் உதட்டை யார் பார்த்தார்கள்? யாராவது விளக்குங்கள்.

#4 ரேடியோப்பெட்டி

நல்ல கேள்வி அம்மா. அமெரிக்கர்களே இதைக் கேட்டுக் கேட்டுச் சிரித்த விஷயம்தான். பெர்கனுக்கு உதடு அசையும், அதை அவரே ஒத்துக்கொள்வார். ஆனால் சார்லி மெக்கார்த்தி என்ற அந்த மரப்பொம்மைக்கு என்று ஒரு குணம் இருந்தது. தொப்பியும் ஒற்றைக் கண்ணாடியும் போட்ட, பெண்களிடம் வழிகிற, யாரையும் மதிக்காத வாலுப் பையன். ஒரு மனிதன் சொன்னால் தணிக்கையில் போய்விடும் வாக்கியத்தைப் பொம்மை சொன்னால் விட்டுவிடுவார்கள். 1937 மே மாதம் சேஸ் அண்ட் சான்பார்ன் காபிக்காக ஞாயிறு 8 மணிக்கு ஆரம்பித்தார். சீக்கிரமே நாட்டின் முதல் இடம். ஆக, 7 மணிக்கு பென்னி, 8 மணிக்கு பெர்கன். ரேடியோவை அணைக்க ஆளில்லை.

பொம்மைக்கு இருந்த சலுகை எல்லோருக்கும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே 1937 டிசம்பர் 12 அன்று நடிகை மே வெஸ்ட் அந்த நிகழ்ச்சிக்கு வந்து ஆதாம் ஏவாள் நாடகத்தில் ஏவாளாக நடித்தார். எழுத்தில் பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை, குரலில்தான் எல்லாம். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக பைபிள் கதையை இப்படியா என்று புகார்கள் குவிந்தன. என்.பி.சி. அவருக்குக் கதவைச் சாத்திவிட்டது.

#5 கம்பிவடம்

பெர்கன் பேச்சு வந்தாலே அடுத்தது நடிகர், இயக்குநர் ஆர்சன் வெல்ஸின் வானொலி நாடகம்தான். 1938 அக்டோபர் 30, ஞாயிறு 8 மணி. பெர்கன் நிகழ்ச்சியில் பாட்டு வந்ததும் ஜனங்கள் முள்ளைத் திருப்பினார்கள், போட்டி நெட்வொர்க்கான சி.பி.எஸ்.ஸில் வெல்ஸின் நாடகத்தில் செவ்வாய்க்கிரகத்துக்காரர்கள் நியூ ஜெர்சியில் இறங்கிக்கொண்டிருந்தார்கள், 'இது நாடகம்' என்ற ஆரம்ப அறிவிப்பை அவர்கள் கேட்கவில்லை, நாடே பயந்து தெருவுக்கு ஓடியது. இதுதான் வார இறுதி வானொலியின் உச்சம் என்று என் ஓட்டு.

#6 கணக்குப்பிள்ளை

தம்பி கம்பிவடம், நாடே ஓடியது என்பதைக் கொஞ்சம் தட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். அன்றிரவு நேயர் கணக்கெடுக்கும் ஹூப்பர் நிறுவனம் வழக்கம்போல ஆயிரக்கணக்கான வீடுகளுக்குத் தொலைபேசியில் என்ன கேட்கிறீர்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தது. வெல்ஸ் நாடகம் என்று சொன்னவர்கள் சுமார் 2 சதவீதம். கூட்டமெல்லாம் பெர்கனிடம்தான். சி.பி.எஸ்.ஸோடு இணைந்த சில ஊர் நிலையங்கள் அந்த நாடகத்தை எடுக்கவே இல்லை. காரணம், அதற்கு விளம்பரதாரரே கிடையாது. பெர்கனுக்கு எதிரே நிற்கிற நேரத்தை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? சி.பி.எஸ். கைக்காசைப் போட்டு ஒப்பேற்றிக்கொண்டிருந்த இடம் அது.

பயந்தவர்கள் இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. பிரின்ஸ்டனில் ஹாட்லி கான்ட்ரில் 1940-இல் வெளியிட்ட ஆய்வு, 60 லட்சம் பேர் கேட்டிருக்கலாம், 10 லட்சத்துக்கு மேல் கலங்கியிருக்கலாம் என்றது. அந்த மதிப்பீட்டையே இன்று பலர் அதிகம் என்கிறார்கள். பத்திரிகைகளுக்கோ வானொலி மேல் பழைய கடுப்பு, தங்கள் விளம்பரக் காசைத் தின்கிறதே என்று. மறுநாள் தலைப்புச் செய்தியில் அதைத் தீர்த்துக்கொண்டார்கள்.

இதில் உண்மையான லாபம் வெல்ஸுக்கு: கேம்பெல் சூப் கம்பெனி விளம்பரதாரராக வந்தது. நிகழ்ச்சி 'கேம்பெல் ப்ளேஹவுஸ்' ஆகி வெள்ளிக்கிழமைக்குப் போய்விட்டது.

#7 கம்பிவடம்

சரி அண்ணே, 2 சதவீதம் என்றே வைத்துக்கொள்கிறேன். கேட்டவர் எண்ணிக்கையை விடுங்கள், நாடகத்தின் செய்நேர்த்திக்காகவே அந்த ஓட்டு. நிருபராக நடித்த ஃப்ராங்க் ரீடிக் அதற்கு முன் ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பல் எரிந்த ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் தயாரானார். 1937-இல் ஹெர்பர்ட் மாரிசன் தழுதழுத்துக்கொண்டு சொன்ன அந்த வர்ணனை. ரீடிக் பேச்சு நடுவில் வெட்டுப்பட்டு, மைக்கில் சத்தமே இல்லாமல் சில நொடிகள் போகும். ஹெட்போன் போட்டுக் கேட்டுப் பாருங்கள். ஐயா சொன்ன பென்னி மௌனம் சிரிக்க வைத்தது, இந்த மௌனம் வயிற்றைக் கலக்கும்.

அதே ரீடிக் குரல்தான் ஞாயிறு மாலை வந்த மர்மத் தொடர் 'த ஷேடோ'வின் ஆரம்பச் சிரிப்பும். 1937 செப்டம்பரில் மியூச்சுவல் நெட்வொர்க்கில் வெல்ஸ் நாயகனாக வந்தபோது, வசனத்தை அவர் பேசினார். அந்தப் பேய்ச் சிரிப்பு மட்டும் அவருக்குச் சரியாக வரவில்லை என்று ரீடிக்குடைய பழைய ஒலிப்பதிவையே வைத்துக்கொண்டார்கள். கதாநாயகன் லமோன்ட் க்ரான்ஸ்டன் கண்ணுக்குத் தெரியாமல் மறைகிறான். வானொலியில் எல்லோருமே கண்ணுக்குத் தெரியாதவர்கள்தானே, இவன் மறைந்தது எப்படித் தெரியும்? குரலை ஒரு வடிகட்டி மைக் வழியாக அனுப்பினார்கள். தொலைபேசியில் கேட்பது போல மெல்லிசாக, உலோகமாக மாறும். குரல் மாறியது, ஆள் மறைந்தான். அவ்வளவுதான், செலவே இல்லாத தந்திரக்காட்சி.

விளம்பரமும் சுவாரஸ்யம். ப்ளூ கோல் என்று பென்சில்வேனியா நிலக்கரிக்கு நீலச் சாயம் தெளித்து விற்றார்கள். கொலையும் துரத்தலுமாகப் போகும் கதையை நிறுத்திவிட்டு, அடுப்பு நிபுணர் ஒருவர் வந்து கரியைச் சிக்கனமாக எரிப்பது எப்படி என்று வகுப்பெடுப்பார்.

#8 கணக்குப்பிள்ளை

விளம்பரத்தை எடுத்தது நல்லதாயிற்று. இன்றைக்குக் கேட்கிறவர்கள் அதைத் தள்ளிவிட்டுக் கேட்கிறார்கள். அது இல்லாமல் அந்த வார இறுதியே புரியாது. நெட்வொர்க் வைத்திருந்தது கம்பியும் நேரமும் மட்டும். நிகழ்ச்சியைத் தயாரித்தது விளம்பர ஏஜென்சி, காசு போட்டது கம்பெனி. நட்சத்திரம் கம்பெனியின் ஆள். ஞாயிறு இரவு எல்லோரும் வீட்டில். அதனால் பெரிய கம்பெனிகள் அங்கே மோதின. சனி இரவு ஊர்க்காரர்கள் சினிமாவுக்கோ நடனத்துக்கோ போய்விடுவார்கள் என்ற எண்ணத்தில் பெரிய காமெடி நட்சத்திரங்களை அங்கே அவ்வளவாகப் போடவில்லை. அந்த இடத்தில்தான் பாட்டும் பிடிலும் போட்டி விளையாட்டும் வளர்ந்தன.

சனிக்கிழமைக்கு என்று லக்கி ஸ்ட்ரைக் செய்த 'யுவர் ஹிட் பரேட்' 1935-இல் தொடங்கியது. வாரத்தின் முதல் இடத்துப் பாட்டு எது என்று கடைசிவரை இழுத்தடிப்பார்கள். இளவயது ஃப்ராங்க் சினாட்ரா அங்கே பாடினார். எந்த அளவுகோலில் பாட்டுகளை வரிசைப்படுத்தினார்கள் என்பதைக் கம்பெனி வெளியே விடவே இல்லை. நான் அந்த வரிசையை நம்பமாட்டேன், ஆனால் கேட்பேன்.

'ட்ரூத் ஆர் கான்சிக்வென்சஸ்' என்று ரால்ஃப் எட்வர்ட்ஸ் நடத்திய சனிக்கிழமைப் போட்டி இன்னொன்று. கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் ஏதாவது கோமாளித்தனம் செய்ய வேண்டும். 1948-இல் 'நடக்கும் மனிதன்' என்று காலடிச் சத்தத்தை மட்டும் கேட்க வைத்து ஆளைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். நேயர்கள் கடிதத்தோடு அனுப்பிய நன்கொடை அமெரிக்க இதய நலச் சங்கத்துக்கு 15 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அந்தக் காலடி ஜாக் பென்னியுடையது, ஐயாவுக்கு ஒரு சந்தோஷச் செய்தி. 1950-இல் நியூ மெக்சிகோவில் ஹாட் ஸ்ப்ரிங்ஸ் என்ற ஊர் தன் பெயரையே 'ட்ரூத் ஆர் கான்சிக்வென்சஸ்' என்று மாற்றிக்கொண்டது. இன்றும் அதே பெயர்தான்.

#9 மாடிப்படி

ஊர்ப் பெயரையா!! சரி, இன்னொரு சந்தேகம். நியூயார்க்கில் 7 மணி என்றால் லாஸ் ஏஞ்சல்ஸில் 4 மணிதானே? அங்கே ஒலிப்பதிவு செய்து ராத்திரி போட்டார்களா?

#10 கம்பிவடம்

இல்லை அக்கா. என்.பி.சி.யும் சி.பி.எஸ்.ஸும் 1940-களின் பிற்பகுதி வரை நெட்வொர்க்கில் பதிவு செய்த நிகழ்ச்சியைச் சேர்த்துக்கொள்வதில்லை. நேரலை என்பதுதான் அவர்கள் கௌரவம். அதனால் பென்னி குழு ஹாலிவுட்டில் மாலை 4 மணிக்குக் கிழக்குக்கு ஒரு முறை நடித்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு வந்து, இரவு மேற்குக்கு அதே நிகழ்ச்சியை இன்னொரு முறை நடித்தது. புதுக் கூட்டம், அதே நகைச்சுவை. இணையத்தில் ஒரே தேதிக்கு இரண்டு கோப்புகள் சில சமயம் கிடைப்பது இதனால்தான்.

வானொலிக்கு ஒரு அவசரச் செய்தி எப்படி வரும் என்பதற்கும் ஞாயிறு ஒரு பாடம். 1941 டிசம்பர் 7, நியூயார்க் நேரம் மதியம் 2:30-ஐ ஒட்டி. மியூச்சுவலின் நியூயார்க் நிலையத்தில் அமெரிக்கக் கால்பந்து வர்ணனை ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் புகுந்து பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டதைச் சொன்னார்கள். சி.பி.எஸ்.ஸில் 2:30 மணிச் செய்தியில் ஜான் டேலி வாசித்தார். அதற்குப் பின்னால் நியூயார்க் ஃபில்ஹார்மானிக் கச்சேரி திட்டப்படி ஆரம்பித்தது. போர் வந்த மதியத்தில் சிம்பொனி.

#11 வேப்பமரம்

எல்லோரும் இரவையே பேசுகிறீர்கள். ஞாயிறு காலையும் மதியமும் யாருடையது? தேவாலயத்துடையது, அதில் நல்லதும் உண்டு, விஷமும் உண்டு.

விஷத்தை முதலில் சொல்கிறேன். மிச்சிகனின் ராயல் ஓக்கிலிருந்து சார்லஸ் காக்லின் என்ற பாதிரியார் 1926-இல் பேசத் தொடங்கினார். பொருளாதார மந்தக் காலத்தில் வங்கிக்காரர்களைத் திட்டித் திட்டியே பல லட்சம் நேயர்களைச் சேர்த்தார். 1931-இல் சி.பி.எஸ். கைகழுவியதும் சொந்தமாக நிலையங்களைக் கோத்துக்கொண்டார். 1938-இல் ஜெர்மனியில் யூதர்களின் கடைகளும் ஜெபக்கூடங்களும் நொறுக்கப்பட்ட சில நாட்களிலேயே, நவம்பர் 20 ஞாயிறு, பாதிக்கப்பட்டவர்கள் மேலேயே பழி போட்டுப் பேசினார். நியூயார்க்கின் டபிள்யூ.எம்.சி.ஏ. அதற்கு மேல் அவர் பேச்சை எடுக்க மறுத்தது. அடுத்த வருஷம் ஒலிபரப்பாளர் சங்கம், சர்ச்சைக்குரிய பேச்சுக்கு நேரம் விற்கக் கூடாது என்று விதி போட்ட பிறகுதான் அவர் குரல் ஓய்ந்தது. 'பொற்காலம்' என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு இவர் ஞாபகம் வந்து தொலைக்கிறார்.

இன்னொரு பக்கம், க்ளீவ்லாண்டின் கறுப்பினப் பாடகர் குழுவின் 'விங்ஸ் ஓவர் ஜோர்டன்' 1938 முதல் சி.பி.எஸ்.ஸில் ஞாயிறு காலை நாடு முழுக்கக் கேட்டது. சிகாகோவில் 1948-இல் ரிச்சர்ட் டர்ஹம் 'டெஸ்டினேஷன் ஃப்ரீடம்' என்று கறுப்பின வரலாற்றை வாரம் ஒரு நாடகமாக எழுதினார், அதுவும் ஞாயிறு காலையில். நேயர் குறைவான நேரம் என்பதால்தான் அந்த இடம் கொடுத்தார்கள் என்பது என் எண்ணம். இரவு 7 மணிக்குக் கறுப்பினக் குரல் என்றால் பென்னியின் வேலைக்காரன் ராச்செஸ்டராக வந்த எடி ஆண்டர்சன் மட்டும்தான். அற்புதமான நடிகர், முதலாளியை ஒரே வாக்கியத்தில் மடக்குவார். ஆனாலும் வேலைக்காரன்.

#12 ரேடியோப்பெட்டி

வேப்பமரம் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆண்டர்சனின் ஆரம்ப வருஷ நகைச்சுவைகள் இன்று காது கூசும். போருக்குப் பிறகு பென்னி அவற்றை வெகுவாகக் குறைத்துவிட்டார்.

இந்த ஞாயிறு எப்படிக் கலைந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பென்னிக்கு ஒரு செல்லச் சண்டைக்காரர் உண்டு, ஃப்ரெட் ஆலன். 1936 கடைசியில் ஒரு சின்னப் பையன் தன் நிகழ்ச்சியில் வயலின் வாசித்ததும் ஆலன் பென்னியின் வாசிப்பைக் குத்திப் பேசப்போய் ஆரம்பித்த 'பகை', பல வருஷம் ஓடியது. என் காதுக்கு ஆலன்தான் இரண்டு பேரில் கூர்மை. அவரும் பின்னால் ஞாயிறுக்கு வந்தார். 1948 மார்ச்சில் ஏ.பி.சி. நெட்வொர்க் அவருக்கு எதிரே 'ஸ்டாப் த மியூசிக்' என்று ஒன்றை வைத்தது. நாட்டில் எங்காவது ஒரு வீட்டுக்குத் தொலைபேசி அடிப்பார்கள், பாட்டின் பெயரைச் சொன்னால் பரிசு. தனக்கு அழைப்பு வர வாய்ப்பு எவ்வளவு என்று யாரும் கணக்குப் போடவில்லை. எல்லோரும் தொலைபேசி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். என் நிகழ்ச்சியைக் கேட்டதால் பரிசை இழந்தவருக்கு 5,000 டாலர் தருகிறேன் என்று ஆலன் பத்திரம் எழுதிப் பார்த்தார். பலிக்கவில்லை. 1949 ஜூனில் நிகழ்ச்சி நின்றது.

#13 கணக்குப்பிள்ளை

அதற்குள் பென்னியும் என்.பி.சி.யில் இல்லை ஐயா. சி.பி.எஸ். தலைவர் வில்லியம் பேலி கண்டுபிடித்த வழி வரிச்சட்டத்தில் இருந்தது. அன்றைக்கு உச்ச வருமான வரி 80 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. நட்சத்திரம் ஒரு கம்பெனி ஆரம்பித்து, நிகழ்ச்சியை அதன் சொத்தாக்கி, கம்பெனியையே சி.பி.எஸ்.ஸுக்கு விற்றால் அது மூலதன லாபம், வரி 25 சதவீதம். 1949 ஜனவரி 2, ஞாயிறு 7 மணி, பென்னி அதே நேரத்தில் சி.பி.எஸ்.ஸில் பேசினார். நேயர்களும் பின்னாலேயே போனார்கள். அதே ஆண்டு பெர்கனும் போனார். என்.பி.சி. 1950 நவம்பரில் நடிகை தலுலா பாங்க்ஹெட்டை வைத்து 'த பிக் ஷோ' என்று ஒன்றரை மணி நேர ஞாயிறு நிகழ்ச்சியைப் பெரிய செலவில் இறக்கியது. இரண்டு பருவத்துக்கு மேல் தாக்குப் பிடிக்கவில்லை. காசு போட வேண்டியவர்கள் தொலைக்காட்சிக்குப் போய்விட்டிருந்தார்கள்.

#14 மாடிப்படி

இவ்வளவும் படித்துவிட்டேன். எட்டு வயதுப் பையனோடு சேர்ந்து கேட்க எதில் ஆரம்பிக்கலாம்?

#15 வேப்பமரம்

சனிக்கிழமை காலை சி.பி.எஸ்.ஸில் வந்த 'லெட்ஸ் ப்ரிடெண்ட்'. நிலா மாக் என்ற அம்மையார் சிறுவர்களையே நடிக்க வைத்துத் தேவதைக் கதைகளைச் செய்தார். கதை நேராகப் போகும், ஆங்கிலமும் எளிது. காக்லின் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள்.

#16 சோளக்காடு

பையனுக்கு டிஃபோர்ட் பெய்லியின் ரயிலையும் போட்டுக் காட்டுங்கள் அக்கா. பதிவு இருக்கிறது.

ஐயாவுக்கு ஒரு வார்த்தை. பென்னி, பெர்கன், ஆலன் எல்லோரும் போய்விட்டார்கள். எங்கள் ஆப்ரி நூறு வருஷம் தாண்டி, இன்றும் சனிக்கிழமை ராத்திரி 650 கிலோஹெர்ட்ஸில் ஓடுகிறது. ஞாயிற்றுக்கு என்ன மிச்சம்? :)

#17 ரேடியோப்பெட்டி

சால்ட் லேக் சிட்டியின் மார்மன் பாடகர் குழு. 1929-இல் நெட்வொர்க்குக்கு வந்தது, இன்றும் ஞாயிறு காலை தவறாமல் வருகிறது. பிடில் சத்தம் தாங்க முடியாத நாளில் வந்து கேளுங்கள் தம்பி.